பம்ப்–மோட்டார் ஷாஃப்ட் அலைன்மென்ட்: சரிபார்த்துத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

கிடைமட்டப் பம்பையும் அதை இயக்கும் மோட்டாரையும் கப்ளிங் மூலம் இணைக்கும்போது, இரண்டு ஷாஃப்ட்டுகளின் மையக்கோடுகளும் இயங்கும் நிலையில் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையை இரண்டு டயல் கேஜ்களைக் (முனையின் சிறு நகர்வையும் முள்ளால் காட்டும் அளவிகள்) கொண்டு அளந்து, கணக்கிட்டு, ஷிம் (கால்களின் அடியில் செருகும் மெல்லிய தகடு) வைத்தும் நகர்த்தியும் அடைவது எப்படி என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே தருகிறேன். இந்த வேலையில் இறங்கும் புதியவர்கள் பெரும்பாலும் அளப்பதில் தவறுவதில்லை. அளப்பதற்கு முன் முடித்திருக்க வேண்டியவற்றை முடிக்காமல் டயல் கேஜைக் கையில் எடுப்பதில்தான் தவறுகிறார்கள். அடித்தளம், குழாய், மோட்டாரின் கால்கள் ஆகிய மூன்றும் சரியாக இல்லாவிட்டால், எத்தனை முறை அளந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு விடைதான் கிடைக்கும். லேசர் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். லேசர் கணக்குப் போடும் உழைப்பைக் குறைக்குமே தவிர, ஊன்றாத காலை ஊன்ற வைக்காது.

1. எதை அளக்கிறோம்

மையக்கோடுகள் இரண்டு வகையில் விலகலாம். இரண்டும் இணையாக இருந்தபடி ஒன்று மற்றொன்றைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ பக்கவாட்டில் தள்ளியோ இருப்பது இணை விலகல். ஒன்றுக்கொன்று சாய்ந்திருப்பது கோண விலகல். நடைமுறையில் இரண்டும் கலந்தே இருக்கும். அதோடு, செங்குத்துத் தளத்தில் ஒரு விலகலும் கிடைத்தளத்தில் வேறொரு விலகலும் இருக்கும். செங்குத்து விலகலை ஷிம் வைத்துத் திருத்துகிறோம். கிடைமட்ட விலகலை மோட்டாரைப் பக்கவாட்டில் நகர்த்தித் திருத்துகிறோம்.

பம்பை நிலையானதாகவும் மோட்டாரை நகர்த்தக்கூடியதாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். பம்பில் குழாய்கள் இணைந்திருப்பதால் அதை நகர்த்தினால் குழாயின் விசை அதன் உறைக்குள் ஏறிவிடும் என்பதே காரணம்.

2. தேவையான கருவிகள்

0.01 மி.மீ. துல்லியமுள்ள இரண்டு டயல் கேஜ்கள், கப்ளிங் மேல் அவற்றைத் தாங்கும் உறுதியான பிராக்கெட்டுகள், காந்த அடித்தாங்கி ஒன்றிரண்டு, ஃபீலர் கேஜ் (இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகள்), மைக்ரோமீட்டர், டார்க் ரெஞ்சு, அளவுநாடா, 6 மணி நிலையில் (கடிகார முகப்பைப் போல எண்ணினால் நேர் கீழே) டயலைப் படிக்க ஒரு சிறு கண்ணாடி ஆகியவை வேண்டும். ஷிம்கள் துருப்பிடிக்காத எஃகில், போல்ட்டைச் சுற்றிச் செருகும்படி வெட்டப்பட்டவையாக இருக்கட்டும். ஷிம்மின் மேல் அச்சிட்டிருக்கும் தடிமனை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து பார்ப்பது நல்லது.

3. பாதுகாப்பு

மோட்டாரின் மின் இணைப்பைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, அதன் பிறகு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி மோட்டார் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பம்பின் உறிஞ்சு வால்வையும் வெளியேற்று வால்வையும் மூடி, உள்ளே உள்ள அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மின்சாரம் இல்லாதபோதும், கசியும் வால்வு வழியாகத் திரும்பி வரும் திரவம் பம்பின் உள்ளே உள்ள இம்பெல்லர் சக்கரத்தைச் சுழற்றக்கூடும். அந்நேரம் கை கப்ளிங்கின் மேல் இருக்கும்.

4. அடித்தளமும் குழாயும்

பம்பும் மோட்டாரும் நிற்கும் பேஸ் பிளேட்டின் அடித்தள போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா, கிரௌட் (பிளேட்டின் அடியில் ஊற்றி இறுகவிடும் கலவை) முழுமையாக நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டும்போது உள்ளீடற்ற ஓசை கேட்டால் அங்கே கிரௌட் இல்லை. அப்படிப்பட்ட இடத்தின் மேல் நிற்கும் மோட்டாரை இன்று சரியாக நிறுத்தினாலும் அது நாளை அந்த இடத்தில் இராது.

அடுத்தது குழாய். கப்ளிங்கைப் பிரித்து, மோட்டாரின் மேல் தாங்கியைப் பொருத்தி, பம்பு கப்ளிங்கின் மேல்புறத்தில் ஒரு டயலையும் பக்கவாட்டில் ஒரு டயலையும் சுழியில் வையுங்கள். பிறகு உறிஞ்சு குழாய், வெளியேற்று குழாய் ஆகியவற்றின் ஃபிளேஞ்ச் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். இரண்டு டயல்களில் ஏதேனும் ஒன்று 0.05 மி.மீ.க்கு மேல் அசைந்தால், குழாய் பம்பை இழுக்கிறது என்று பொருள். இதை மோட்டாரை நகர்த்திச் சரிக்கட்ட முடியாது. இழுபட்ட உறை உருக்குலைந்து பேரிங்கையும் மெக்கானிக்கல் சீலையும் (ஷாஃப்ட்டைச் சுற்றித் திரவம் கசியாமல் தடுப்பது) தேய்த்துக்கொண்டே இருக்கும். குழாயின் தாங்கிகளைத் திருத்தியோ குழாயை வெட்டி மறுபடி பொருத்தியோதான் இது தீரும். சங்கிலித் தூக்கியால் குழாயை இழுத்துப் பிடித்து போல்ட் மாட்டும் பழக்கத்தை எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது.

5. மோட்டாரின் கால்கள்

சாஃப்ட் ஃபுட் எனப்படும் இந்தக் குறைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரத்தை விழுங்குகிறது. ஆகவே இதில் அவசரம் கூடாது. நான்கு கால்களில் ஒன்று முழுமையாக ஊன்றாமல் இருந்தால், போல்ட்டை இறுக்கும்போது மோட்டாரின் உடல் வளைந்து ஷாஃப்ட்டின் திசை மாறும். தளர்வாக இருந்தபோது எடுத்த அளவு, இறுக்கிய பின் செல்லாது. வேலை முடிகிற நேரத்தில், கடைசி போல்ட்டை இறுக்கியவுடன் டயல் முள் ஓடிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில் பழைய ஷிம்களை எல்லாம் வெளியே எடுத்து, கால்களின் அடிப்பகுதியையும் பேஸ் பிளேட்டையும் பெயின்ட், துரு, பிசிறு இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். பிறகு நான்கு கால்களுக்கும் ஒரே தடிமனில், 2 அல்லது 3 மி.மீ. ஷிம்மை வையுங்கள். பின்னால் மோட்டாரைத் தாழ்த்த வேண்டி வந்தால் எடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? வெறும் பிளேட்டின் மேல் அமர்ந்த மோட்டாரைத் தாழ்த்த வழியில்லை.

போல்ட்டுகளை இறுக்காமல், ஒவ்வொரு காலின் நான்கு மூலைகளிலும் ஃபீலர் கேஜைச் செருகிப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் ஒரே இடைவெளி என்றால் அந்தக் கால் குட்டையானது. அவ்வளவு தடிமனில் ஷிம் வைத்தால் போதும். ஒரு மூலையில் அதிகமாகவும் எதிர் மூலையில் இல்லாமலும் இருந்தால் கால் சாய்ந்திருக்கிறது. அதற்கு முழு ஷிம் வைத்தால் குறை இடம் மாறுமே தவிரத் தீராது. படிப்படியாக வெட்டிய ஷிம்களை வைக்க வேண்டும், அல்லது காலை இயந்திரத்தில் சமன் செய்ய வேண்டும். மோட்டார் இரண்டு எதிர்மூலைக் கால்களின் மேல் ஆடினால், ஆடும் கால்களில் ஒன்றுக்கு மட்டும் ஷிம் வைத்து மறுபடி சோதியுங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் வைத்தால் ஆட்டம் மற்ற இரண்டு கால்களுக்குப் போய்விடும்.

இப்போது எல்லா போல்ட்டுகளையும் இறுக்கி, ஒரு காலின் மேல் டயலைச் செங்குத்தாக நிறுத்திச் சுழியில் வைத்து, அந்தக் காலின் போல்ட்டை மட்டும் தளர்த்துங்கள். கால் எழும்பும் அளவைக் குறித்துக்கொண்டு, அதை மறுபடி இறுக்கிய பின் அடுத்த காலுக்குச் செல்லுங்கள். எந்தக் காலும் 0.05 மி.மீ.க்கு மேல் எழக் கூடாது.

ஒரு காலின் கீழ் நான்கு ஷிம்களுக்கு மேல் வேண்டாம். மெல்லிய ஷிம்களை அடுக்கினால் அவை ஸ்பிரிங்கைப் போல் அமுங்கி எழும். தடிமன் தேவைப்பட்டால் தடிமனான ஒரே தகட்டை வையுங்கள். மெல்லியவற்றை நடுவில் வைத்து, தடித்தவை மேலும் கீழும் இருக்கும்படி அடுக்கினால் மெல்லியவை மடங்காது.

6. பிராக்கெட்டின் தொய்வு

கப்ளிங்கின் ஒரு பாதியில் பொருத்திய பிராக்கெட் தன் எடையாலும் டயலின் எடையாலும் சற்றுத் தொய்யும். 12 மணி நிலையில் தொய்வு டயலை ஷாஃப்ட்டை நோக்கித் தள்ளும். 6 மணி நிலையில் ஷாஃப்ட்டிலிருந்து விலக்கும். ஆகவே விலகலே இல்லாத ஷாஃப்ட்டிலும் கீழே ஒரு கழித்தல் அளவு தோன்றும்.

இதை அளக்க, வளையாத தடித்த குழாய் ஒன்றில் அதே பிராக்கெட்டை, அதே டயலுடன், கப்ளிங்கில் இருக்கும் அதே நீளத்துக்குப் பொருத்துங்கள். குழாயைக் கிடைமட்டமாகத் தாங்கி, மேலே சுழியில் வைத்து, குழாயை உருட்டிக் கீழே படியுங்கள். அந்த அளவே தொய்வு. நீளத்தை மாற்றினாலும் டயலை மாற்றினாலும் மறுபடி அளக்க வேண்டும்.

இதைத் தவிர்த்துவிட்டுச் செய்பவர்களின் கணக்கு பிழையின்றி இருக்கும், ஆனால் மோட்டாரின் உயரம் மட்டும் தவறாக இருக்கும். கிடைமட்ட அளவுகளில் தொய்வு இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவாக வந்து கழிந்துவிடுவதால் அங்கே திருத்தம் வேண்டாம்.

7. அளவு எடுத்தல்

முதலில், நேர்விளிம்புத் தகட்டைக் கப்ளிங்கின் மேல் வைத்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் விலகலைத் தோராயமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். டயலின் ஓட்டத்துக்குள் அளவு அடங்குவதற்காகவே இது. இதையே இறுதி அளவாகக் கொள்ளக் கூடாது.

இனி இரண்டு பிராக்கெட்டுகளையும் எதிரெதிராகப் பொருத்துங்கள். பம்பு ஷாஃப்ட்டில் பொருத்திய பிராக்கெட்டின் டயல் மோட்டார் கப்ளிங்கின் விளிம்பைத் தொட வேண்டும். இதை ‘ம’ டயல் என்போம். மோட்டார் ஷாஃப்ட்டில் பொருத்தியதன் டயல் பம்பு கப்ளிங்கின் விளிம்பைத் தொட வேண்டும். இது ‘ப’ டயல். கப்ளிங்கின் முகப்பை அளக்கும் முறையைவிட இதை நான் விரும்புவதற்குக் காரணம், ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர்ந்தாலும் விளிம்பில் எடுக்கும் அளவு கெடுவதில்லை.

டயலின் முனையைப் பாதி ஓட்டம் வரை அழுத்திப் பொருத்துங்கள். முனை உள்ளே அழுந்தினால் கூட்டல், வெளியே நீண்டால் கழித்தல். இரண்டு ஷாஃப்ட்டுகளையும் சேர்த்தே சுழற்ற வேண்டும். அப்போது டயல் எப்போதும் விளிம்பின் ஒரே புள்ளியைத் தொடுவதால், கப்ளிங் வட்டம் பிசகியிருந்தாலும் அந்தப் பிழை அளவில் சேராது. சுழற்சி ஒரே திசையில் இருக்கட்டும். 3 மணி நிலையைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் திருப்பாமல் முழுச் சுற்றும் சுற்றி வாருங்கள்.

12, 3, 6, 9 மணி நிலைகளில் படித்து எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரின் பின்னால் பம்பைப் பார்த்து நின்று இடம், வலம் சொல்வதென்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இடையில் நிற்கும் இடத்தை மாற்றுபவர்கள் மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

எடுத்த அளவை நம்பலாமா என்பதற்கு இரண்டு சோதனைகள் உண்டு. மீண்டும் 12 மணிக்கு வரும்போது டயல் சுழிக்குத் திரும்ப வேண்டும். மேல், கீழ் அளவுகளின் கூட்டல், இடம், வலம் அளவுகளின் கூட்டலுக்குச் சமமாக, 0.02 மி.மீ. அளவுக்குள் இருக்க வேண்டும். இவை ஒத்துவராவிட்டால் பிராக்கெட் தளர்ந்திருக்கிறது, டயல் முனை ஒட்டிக்கொள்கிறது, அல்லது இரண்டு ஷாஃப்ட்டுகளும் ஒன்றாகச் சுழலவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கணக்குக்குப் போக வேண்டாம்.

8. கணக்கு

மூன்று நீளங்கள் வேண்டும்: இரண்டு டயல்களின் முனைகளுக்கு இடையே உள்ள தூரம், ‘ம’ டயலிலிருந்து மோட்டாரின் முன்கால் போல்ட் வரையிலான தூரம், முன்காலிலிருந்து பின்கால் வரையிலான தூரம். இவை முறையே 200, 300, 500 மி.மீ. என்றும், தொய்வு −0.10 என்றும் வைத்துக்கொள்வோம்.

படித்த அளவுகள் இவை:

‘ம’ டயல்: மேல் 0, இடம் +0.22, வலம் +0.08, கீழ் +0.30
‘ப’ டயல்: மேல் 0, இடம் −0.25, வலம் −0.05, கீழ் −0.30

முதலில் செங்குத்துத் தளம். கீழ் அளவிலிருந்து தொய்வைக் கழித்தால், ‘ம’ +0.40 ஆகவும் ‘ப’ −0.20 ஆகவும் மாறும். தொய்வே ஒரு கழித்தல் எண் என்பதால் அதைக் கழிப்பது கூட்டுவதாகிறது. இங்கே குறியைத் தவறவிடுபவர்கள் மிகப் பலர். டயல் காட்டுவது உண்மையான விலகலின் இரு மடங்கு என்பதால் இரண்டையும் பாதியாக்க வேண்டும். ‘ம’ டயலில் கூட்டல் வந்தால் மோட்டார் தாழ்ந்திருக்கிறது. ஆகவே அந்த இடத்தில் மோட்டார் 0.20 தாழ்வு. ‘ப’ டயல் பம்பின் விளிம்பை அளப்பதால் பொருள் தலைகீழாகும்: அங்கே கழித்தல் வந்தால் பம்பு உயர்ந்திருக்கிறது, அதாவது மோட்டாரின் மையக்கோடு 0.10 தாழ்வு.

200 மி.மீ. தூரத்தில் 0.10 முதல் 0.20 வரை தாழ்கிறது என்றால், ஒவ்வொரு 100 மி.மீ.க்கும் 0.05 சரிவு. ‘ம’ டயலிலிருந்து 300 மி.மீ. தள்ளியுள்ள முன்காலில் தாழ்வு 0.20 + 0.15 = 0.35, 800 மி.மீ. தள்ளியுள்ள பின்காலில் 0.20 + 0.40 = 0.60. இவையே சேர்க்க வேண்டிய ஷிம்கள்.

கிடைமட்டத்தில் வல அளவிலிருந்து இட அளவைக் கழியுங்கள். ‘ம’: −0.14, பாதி −0.07, மோட்டார் 0.07 இடப்பக்கம். ‘ப’: +0.20, பாதி +0.10, பம்பு வலப்பக்கம் இருப்பதால் மோட்டாரின் கோடு அங்கே 0.10 இடப்பக்கம். பின்னால் போகப் போகக் கோடு 100 மி.மீ.க்கு 0.015 வீதம் வலப்பக்கம் திரும்புகிறது. எனவே முன்கால் 0.025 இடப்பக்கமாகவும் பின்கால் 0.05 வலப்பக்கமாகவும் இருக்கின்றன. முன்காலை வலத்துக்கும் பின்காலை இடத்துக்கும் தள்ள வேண்டும். கப்ளிங்கை மட்டும் பார்ப்பவர் மோட்டார் இடப்பக்கம் இருக்கிறது என்று முழுவதையும் வலப்பக்கம் தள்ளியிருப்பார்.

ஒரு தாளில் கிடைத்திசைக்கு ஓர் அளவுகோலும் விலகலுக்குப் பெரிதாக்கிய அளவுகோலும் வைத்து இந்தக் கோட்டை வரைந்து பார்த்தால், குறிப் பிழை இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

9. வெப்பத்தால் உயர்வது

நாம் அளப்பது குளிர்ந்த நிலையில். இயந்திரம் ஓடுவதோ சூடான நிலையில். வார்ப்பிரும்புக்கும் எஃகுக்கும் ஒரு மி.மீ. உயரத்துக்கு, ஒரு செல்சியஸ் உயர்வுக்கு ஏறக்குறைய 0.000011 மி.மீ. விரிவு உண்டு. மைய உயரம் (காலின் அடியிலிருந்து ஷாஃப்ட்டின் மையம் வரை) 280 மி.மீ. உள்ள மோட்டாரின் உடல் 40 டிகிரி சூடேறினால் ஷாஃப்ட் சுமார் 0.12 மி.மீ. உயரும். அதே உயரத்தில் காலூன்றிய பம்பு 90 டிகிரி சூடேறினால் சுமார் 0.28 மி.மீ. உயரும். வேறுபாடு 0.16, குளிர்ந்த நிலையில் மோட்டாரை அந்த அளவு கூடுதலாக உயர்த்தி வைக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டு கால்களின் ஷிம் அளவோடும் இதைக் கூட்டிக்கொள்ளலாம்.

காலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடைப்பட்ட உடலின் சராசரி வெப்பநிலையைத்தான் கொள்ள வேண்டும், பம்புக்குள் ஓடும் திரவத்தின் வெப்பநிலையை அல்ல. மைய உயரத்திலேயே தாங்கப்பட்ட பம்புகளில் இந்த உயர்வு மிகக் குறைவு. தயாரிப்பாளர் குளிர்நிலை அளவைக் கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். சாதாரண வெப்பநிலைத் தண்ணீர்ப் பம்புகளில் மோட்டாரே பம்பைவிடச் சூடாகும் என்பதால், அங்கே மோட்டாரைச் சற்றுத் தாழ்த்தி வைக்க நேரிடும்.

10. திருத்தம்

முதலில் செங்குத்து, பிறகு கிடைமட்டம். ஷிம் வைக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி மோட்டாரைத் தூக்கும்போது பக்கவாட்டு நிலை எப்படியும் கலையும். ஆகவே கிடைமட்டத்தை முன்னால் சரிசெய்வது வீண் உழைப்பு.

மோட்டாரை ஷிம் செருகும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். விரலைக் காலின் அடியில் விடாமல் ஷிம்மின் காதைப் பிடித்துச் செருகுங்கள். போல்ட்டுகளை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில், ஒரே டார்க் அளவில் இறுக்கினால்தான் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் அளவுகளை ஒப்பிட முடியும்.

கிடைமட்டமாக நகர்த்த, முன்காலின் பக்கத்தில் ஒரு டயலையும் பின்காலின் பக்கத்தில் ஒரு டயலையும் நிறுத்தி, இரண்டையும் பார்த்தபடி ஜாக் போல்ட்டுகளால் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம்: நிற்கும் பேரிங்கில் விழும் அதிர்ச்சி அதன் ஓடுபாதையில் குழி பதிக்கும். போல்ட் துளையின் சுவரில் முட்டி மோட்டார் மேற்கொண்டு நகரவில்லை என்றால், போல்ட்டைக் கடைந்து மெலிதாக்க முற்படாமல், குழாயின் விசை ஏறாத அளவுக்குள் பம்பையும் சேர்த்துக் கணக்கிட்டு இரண்டையும் பகிர்ந்து நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மோட்டார் காலின் துளையை அகலப்படுத்துங்கள். வேலை முடிந்ததும் ஜாக் போல்ட்டுகளைப் பின்னால் திருகி விட்டுவிடுங்கள். அவை முட்டிக்கொண்டே இருந்தால், சூடேறி விரியும் மோட்டாரைப் பக்கவாட்டில் தள்ளும்.

11. எந்த அளவில் நிறுத்தலாம்

இடைத்தண்டு இல்லாத கப்ளிங்குகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு: நிமிடத்துக்கு 1500 சுற்றுகளில் இணை விலகல் 0.09 மி.மீ., கோண விலகல் 100 மி.மீ. விட்டத்துக்கு 0.07 மி.மீ.; 3000 சுற்றுகளில் முறையே 0.06, 0.04. இடைத்தண்டு உள்ளவற்றில் இரு முனைகளிலும் உள்ள கோணத்தைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கப்ளிங் தயாரிப்பாளர் தரும் வரம்பு இதைவிடப் பல மடங்கு தாராளமாக இருக்கலாம். அது கப்ளிங் உடையாமல் தாங்கும் அளவு. பேரிங்கும் சீலும் அதைத் தாங்கும் என்ற உறுதிமொழி அல்ல. “நெகிழும் கப்ளிங்தானே, தாங்கிக்கொள்ளும்” என்று நிறுத்திவிடுபவர்கள், சில மாதங்களில் சீலை மாற்ற அதே பம்பைத் திறக்கிறார்கள்.

12. இணைத்து இயக்குதல்

கடைசியாக இறுக்கிய பிறகு முழுச் சுற்று அளவை மறுபடி எடுத்து, தொய்வு, வெப்பத் திருத்தம், ஒவ்வொரு காலின் ஷிம் தடிமன் ஆகியவற்றோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். கப்ளிங்கை மாட்டும் முன் மோட்டாரைத் தனியே ஓட்டிச் சுழலும் திசையைச் சரிபாருங்கள்; பிறகு மீண்டும் பூட்டுப் போட்டுவிட்டே கப்ளிங்கைத் தொடுங்கள். ஸ்லீவ் பேரிங் உள்ள மோட்டார் என்றால், இந்தத் தனி ஓட்டத்திலேயே அதன் காந்த மையத்தை (ஓடும்போது ஷாஃப்ட் நீளவாக்கில் தானாக வந்து நிற்கும் இடம்) குறித்துக்கொண்டு, அந்த நிலையில் ஷாஃப்ட்டை வைத்துக் கப்ளிங் முகப்புகளின் இடைவெளியை அமைக்க வேண்டும். காப்பு உறையைப் பொருத்திய பிறகே இயக்க வேண்டும்.

ஓடும்போது அதிர்வை அளவிடுங்கள். சுழற்சி வேகத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணிலோ, ஷாஃப்ட்டின் நீளவாக்கிலோ அதிர்வு ஓங்கியிருந்தால் விலகல் எஞ்சியிருக்கக்கூடும். இயல்பான வெப்பநிலையில் சில நாட்கள் ஓடிய பின் இயந்திரத்தை நிறுத்தி, முழுமையாகக் குளிர விட்டு, கால் போல்ட்டுகளின் இறுக்கத்தையும் டயல் அளவுகளையும் பதிவோடு ஒப்பிடுங்கள். அளவுகள் மாறியிருந்தால், ஷிம்மைத் தொடுவதற்கு முன் கிரௌட், குழாய், கால்கள் ஆகியவற்றை அதே வரிசையில் மறுபடி சோதிக்க வேண்டும்.